மலையகத்தில் தீயும் தாவரமும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையக வரலாறு பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகள் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும் துண்டு முறையையும், சம்பளப் போராட்டங்களையும் குடியுரிமைப் பறிப்பையும் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயின் அம்மலைகளிலே பெருந்தோட்ட முதலாளித்துவம் முதன்முதற் கையாண்ட கருவி யாது என்னும் வினா அவற்றுள் அதிகம் எழுப்பப்படவில்லை. அக்கருவி தீ. கோடரி மரத்தை வீழ்த்தியது. மண்வெட்டி குழி தோண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று காட்டைத் தோட்டமாக மாற்றியது தீயே.

இன்றும் ஆண்டுதோறும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் மலைச்சரிவுகள் எரிகின்றன. யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கத்திலே பண்டாரவளை, அப்புத்தளை, எல்லப் பகுதிகள் எரிகின்றன. மறுநாள் வெளிவரும் பத்திரிகைச் செய்தி பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருக்கும்: விஷமிகள் தீ வைத்தனர், இத்தனை ஏக்கர் நாசமாயிற்று, பொலிசார் விசாரணை நடத்துகின்றனர். தீக்குச்சியைக் கிழித்தவர் யார் என்ற வினாவுடன் செய்தி முடிந்துவிடுகிறது. அக்குச்சி விழுந்த இடத்தில் என்ன செடி நின்றது, அச்செடி அங்கு எவ்வாறு வந்தது, அதை நட்டவர் யார், நடாமல் விட்டவர் யார் என்பன வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள். எல்லாத் தாவரமும் ஒரேவிதமாக எரிவதில்லை. சில எரிய மறுப்பன. சில எரிவதனாலேயே வாழ்வன. சில தாம் எரிவதோடு அயலையும் எரிப்பன. மத்திய மலைநாட்டில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்தது, எரிய மறுக்கும் தாவரங்கள் அகற்றப்பட்டு, எரிவதில் வல்ல தாவரங்கள் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டமையே என்பது எமது கருத்து.

தோட்டங்கள் தோன்று முன்னர் அங்கு நின்ற காட்டிலிருந்து தொடங்குவோம். நுவரெலியா, அட்டன் மலைகளை மூடியிருந்தது ஈரமலைக் காடு. கீன என்று சிங்களத்தில் வழங்கும் மரவகை, நாவல் இனத்தைச் சேர்ந்த மலைமரங்கள், தேயிலையின் குடும்பத்தைச் சேர்ந்த கோடோனியா மரங்கள் ஆகியன குடைபோன்ற தலைகளை ஒன்றோடொன்று நெருக்கி நின்றன. அடிமரங்களிற் பாசியும் பன்னமும் படர்ந்திருந்தன. மூடுபனியின் நீர்த்துளிகளை இலைகளும் பாசியும் பற்றிச் சொட்டச் சொட்ட நிலத்துக்கு அனுப்பின. இத்தகைய காட்டிலே தீ பரவுவது அரிது. ஈரமான பொருளை எரிக்க முற்படும் தீ, முதலில் அதிலுள்ள நீரை ஆவியாக்கவே தன் வெப்பத்தைச் செலவிட வேண்டும். நீர் மிகுதியாயின் அடுத்த இலையைப் பற்றவைக்க வெப்பம் மிஞ்சாது. தலைமூடிய காட்டினுள்ளே காற்றும் மெல்ல வீசும். வெயிலும் நிலத்திற் படாது. விழுந்த சருகு விரைவில் மட்கிவிடும். தீக்கு வேண்டிய மூன்றும், அதாவது உலர்ந்த நுண்பொருள், காற்று, தொடர்ச்சி ஆகியன, அங்கு ஒருங்கு கூடுவதில்லை.

ஆயினும் மலைநாடு முழுவதும் காடாக இருந்ததில்லை. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகர்கின்றன. அக்கரப்பத்தனை, பத்தனை என்னும் பெயர்களில் உள்ள ‘பத்தன’ என்பது புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். பொகவந்தலாவையின் ‘தலாவை’யும் திறந்த வெளியையே சுட்டும். நுவரெலியாவின் ‘எலிய’வும் அவ்வாறே வெளிச்சமான வெளியைக் குறிப்பது. தோட்டத்துரைமார் வருமுன்னரே இப்புல்வெளிகள் இருந்தன. இவை இயற்கையாக அமைந்தனவா, மனிதர் இட்ட தீயினால் உருவாயினவா என்பது நூறாண்டுக்கு மேலாக நடைபெறும் விவாதம். 1899ஆம் ஆண்டிலே பியர்சன் என்னும் தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளை ஆராய்ந்து அவற்றை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என வகுத்தார். 1940களில் டி ரொசைரோவும், 1951இல் ஹோம்ஸும் இவ்விவாதத்தைத் தொடர்ந்தனர். 2003இல் வெளியான பிரேமதிலக, றிஸ்பேர்க் ஆகியோரின் ஆய்வு ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணிற் படிந்த மகரந்தங்களைக் கொண்டு, ஏறத்தாழப் பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு காடெரித்தலும் மேய்ச்சலும் நிகழ்ந்தன என வாதிட்டது. முடிவு எதுவாயினும், புல்லுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லையைத் தீ காத்துவந்தது என்பதில் ஐயமில்லை. குறிஞ்சி நிலக் கானவர் புனத்தை எரித்துத் தினை விதைத்தமை சங்க இலக்கியம் பயின்றோர்க்குப் புதிய செய்தியன்று. மலைவாழ் மனிதனும் தீயும் நெடுங்காலத் தோழர்கள்.

புல்லின் எரிதன்மையை இவ்விடத்திற் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். உலர் பத்தனைகளில் மேலோங்கி நிற்பது மானாப்புல். சித்திரணெல்லா எண்ணெய் தரும் புல்லுக்கு இது மிக நெருங்கிய உறவு. இலையைக் கசக்கினால் அதே மணம் வீசும். முற்றிய மானாவை மாடு விரும்பி உண்பதில்லை. எனவே மேய்ச்சலால் குறையாது ஆளுயரத்துக்கு வளர்ந்து, வறட்சியில் நின்றபடியே காய்ந்துவிடும். மெல்லிய தாளாதலின் காற்றின் ஈரம் குறைந்த ஒருசில மணி நேரத்திலேயே அதுவும் உலர்ந்துவிடுகிறது. காலையிற் பனியில் நனைந்து நின்ற புல் பிற்பகலில் எரியத் தயாராகி நிற்பது இதனாலேயே. தாள்களுக்கு இடையே காற்று தாராளமாகப் புகுவதால் தீ விரைந்து ஓடும். ஓரிடத்தில் நீண்டநேரம் நில்லாது. மலைச்சரிவு இதற்கு மேலும் துணைபுரிகிறது. மேல்நோக்கி ஏறும் தீயின் சுவாலை தனக்கு முன்னால் உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடும். சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது அவுஸ்திரேலியத் தீயியல் அறிஞர் மக்காதரின் கணிப்பு.

இத்தீயினால் மானா அழிவதில்லை. மண் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. மேலே புல் எரிகையில் சில அங்குலம் கீழே வெப்பம் அதிகம் மாறுவதில்லை. தூரின் அடியிலுள்ள குருத்துகள் தப்பிவிடுகின்றன. முதல் மழைக்கு இளந்தளிர் எழும். அத்தளிரையே மாடு விரும்பித் தின்னும். மாட்டுக்காரர் பத்தனைக்குத் தீ வைத்தமைக்குக் காரணம் இதுவே. அதனைக் கெடுமதி என்பதை விடத் தாவர அறிவு என்பதே பொருந்தும். எரிந்த நிலத்தில் முளைக்க முற்படும் மரக்கன்று மடிகிறது, மானா பிழைக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு வேண்டிய புல்லை வளர்த்துவிடுகிறது. புல்வெளியிலும் தப்பி நிற்கும் மரங்கள் சிலவுண்டு. ஊவாப் பக்கத்திலே நெல்லி, கடுக்காய், தான்றி, கஹட்ட ஆகியனவும், உயர்மலையிலே செந்நிறப் பூக்கொத்துடன் நிற்கும் மஹரத்மலும் அத்தகையன. இம் மஹரத்மலின் உறவினத்தையே நீலகிரித் தமிழர் காட்டுப்பூவரசு என்பர். தடித்த பட்டையே இவற்றின் கவசம். தீயைத் தாங்கக் கற்றுக்கொண்ட மரங்கள் அவை. ஈரக்காட்டு மரங்களுக்கோ மெல்லிய பட்டைதான். தீயை அறியாதிருந்தமையால் அதனைத் தாங்கவும் அவை கற்கவில்லை.

இத்தகைய காட்டுக்குள்ளேயே 1830களின் பிற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்கள் புகுந்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமையை நிறுவ முடியாத காட்டுநிலம், தரிசுநிலம் அனைத்தையும் அரசுடைமையாகக் கருத வழிசெய்தது. அவ்வாறு பெறப்பட்ட நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. நிலம் கிடைத்ததும் முதல் வேலை காடழிப்பு. இவ்வேலையில் அயற்கிராமச் சிங்கள விவசாயிகளை ஒப்பந்தத்தில் அமர்த்துவதே பெருவழக்காக இருந்தது. சரிவிலே கீழிருந்து மேலாக மரங்களை அரைகுறையாக வெட்டி நிறுத்திக்கொண்டு போவர். உச்சியில் நிற்கும் பெருமரத்தை முழுதாக வெட்டி வீழ்த்த, அது தனக்குக் கீழுள்ளதைச் சாய்க்கும். அது அடுத்ததைச் சாய்க்கும். கொடிகளாற் பிணைப்புண்ட காடு முழுவதும் சரிந்து வீழும். வீழ்ந்தவை சில வாரங்கள் வெயிலிற் காய விடப்பட்டன. பின்னர் வறட்சியின் உச்சத்தில், சாதகமான காற்றுள்ள நாளொன்றிலே, நெருப்பு வைக்கப்பட்டது. எரிய மறுக்கும் காட்டை எரிய வைப்பதற்கு முதலில் அதனைக் கொன்று உலர்த்த வேண்டியிருந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தலைமூடி திறக்கப்பட்டதும், நூற்றாண்டுகளாக வெயில் படாத நிலத்தில் வெயிலும் காற்றும் புகுந்ததும், ஈரக்காடு சில வாரங்களில் விறகுக் குவியலாயிற்று.

நன்கு எரிந்தால் துரைக்கு இலாபம். அரைகுறையாக எரிந்தால் எஞ்சிய கட்டைகளை அடுக்கி மீண்டும் எரிக்கச் செலவு. எரிந்த சாம்பல் கோப்பிக்கு முதல் உரம். கரிந்த கட்டைகளுக்கிடையே குழி வெட்டி நாற்று நட்டவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த எம் முன்னோர். 1870களின் இறுதியில் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியிருந்தது. அதன் பெரும்பகுதி இவ்வாறு வெட்டி எரிக்கப்பட்ட காடே.

இங்கு ஆட்சியாளரின் இருநாக்குத் தன்மை வெளிப்படுகின்றது. கண்டிய விவசாயி ஒன்றிரண்டு ஏக்கர் காட்டை எரித்துக் குரக்கன் விதைத்தால் அது சேனை. அது நாட்டைப் பாழாக்கும் செயல். துரை இருநூறு ஏக்கரை ஒரே நாளில் எரித்தால் அது நிலத்தைத் ‘திறத்தல்’, அது முன்னேற்றம். சேனைக்காரன் நிலத்தைச் சில ஆண்டுகளின் பின் காட்டிடமே ஒப்படைத்தான், தோட்டக்காரன் ஒப்படைக்கவில்லை. 1882இல் வின்சென்ட் என்பவர் இலங்கைக் காட்டு நிருவாகம் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார்; 1887இல் வனத் திணைக்களம் அமைந்தது; 1907இல் காட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இவற்றினூடாக உருவான காட்டுப் பாதுகாப்புக் கொள்கை சேனையையே முதன்மை எதிரியாகக் கொண்டது. ஆயினும் ஒரு விதிவிலக்கைக் குறிப்பிடாது விடுதல் நேர்மையாகாது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்று நுவரெலியாவைச் சூழ உயர்மலைக் காடு ஓரளவேனும் எஞ்சி நிற்பதற்கு அம்முடிவும் ஒரு காரணம். நீரூற்றுகள் வற்றிவிடும் என்னும் அச்சமே அதற்கு அடிப்படையாயிற்று.

1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் பதினைந்து இருபது ஆண்டுகளிற் கோப்பியை வீழ்த்தியது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கியது 1900ஆம் ஆண்டளவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்துவிட்டது. தீயைப் பொறுத்தவரை தேயிலை ஒரு வியப்பான செடி. அது எளிதில் எரியாது. ஓரிரு வாரத்துக்கொருமுறை கொழுந்து பறிக்கப்படுவதால் அதன் மேற்பரப்பு என்றும் பசுமையாக இருக்கும்; செடிகள் நெருங்கி நிலத்தை மூடுவதால் புல் முளைப்பது குறைவு; முளைத்தாலும் புல்வெட்டப்படும். நன்கு பராமரிக்கப்பட்ட மலையொன்றின் எல்லைக்கு வந்த தீ பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நிரைகளைக் கருக்கிவிட்டு அடங்கிவிடுகிறது. தேயிலையே ஒரு தீயரண் எனலாம். ஆனால் அவ்வரணைக் காப்பது செடியன்று, உழைப்பு: கொழுந்து பறிக்கும் கை, கவ்வாத்து வெட்டும் கை, புல்வெட்டும் கை. அக்கைகள் விலகிய மலையிலே தேயிலை மரமாக உயர்கிறது, இடையே மானாவும் கினிப்புல்லும் புகுகின்றன, அரண் இடிந்துவிடுகிறது.

தேயிலைச் செடி எரியாதெனினும் தேயிலைத் தொழிற்சாலை எரிபொருளின்றி இயங்காது. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூள் பெற ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகு தேவைப்படும். தொழிலாளர் அடுப்புக்கும் விறகு வேண்டும். சுற்றியிருந்த காட்டை எரித்தும் வெட்டியும் தீர்த்துவிட்ட தோட்டங்களுக்கு, விறகைப் புதிதாக நட்டு வளர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூக்கலிப்டஸ், கிரவிலியா, வாட்டில் எனப்படும் அக்கேசியா ஆகியன இவ்வாறு மலைநாட்டில் நிலைகொண்டன. விரைவில் வளர்வதும் வெட்ட வெட்டத் தளிர்ப்பதும் யூக்கலிப்டசின் சிறப்பு. அதே பண்புகளே தீயிலும் அதற்குக் கைகொடுக்கின்றன.

யூக்கலிப்டஸ் என்பது ஓரினம் அன்று. அவற்றிடையிலும் வேறுபாடு உண்டு. நுவரெலியாவிலும் அட்டனிலும் மிகுதியாக நடப்பட்ட கிராண்டிஸ் வகையின் மேற்பட்டை நீண்ட நாடாக்களாக உரிந்து தொங்கும். அடிமரத்தில் ஏறும் தீ அந்நாடாக்களைப் பற்றி மேலே செல்லும். காற்று அவற்றைப் பொறிகளாக முன்னே வீசும். றொபஸ்ற்றா வகையின் பட்டையோ தடித்து, பஞ்சுபோன்று மரத்தை விட்டு நீங்காது நிற்கும். அது உள்மரத்தைக் காத்து, தீயின் பின் அடிமரத்திலிருந்தே தளிர்க்க உதவும். இருவகை இலைகளிலும் ஆவியாகும் எண்ணெய் உண்டு. அவ்விலைகள் எளிதில் மட்குவதில்லை; சருகு ஆண்டுதோறும் படிந்துகொண்டே போகும். வாட்டிலின் உத்தி வேறு. அதன் வித்தின் உறை மிகக் கடினமானது. மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். தீயின் வெப்பம் அவ்வுறையை வெடிக்கச் செய்ய, எரிந்த நிலத்தில் வாட்டில் கன்றுகள் அடர்ந்து எழும். ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாவிலும் பரவிய கோர்ஸ் என்னும் ஐரோப்பிய முட்செடியும் இவ்வாறே தீயினால் வித்து விழிப்பது. தாயகத்தின் குளிர்ச்சியை நினைவூட்டுவதற்காக ஆங்கிலேயர் கொணர்ந்த செடிகளுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். மஞ்சட்பூ அழகியதே.

பைனஸ் இவற்றிற்குப் பிற்பட்டது. 1960களின் பிற்பகுதி தொடங்கி 1980கள் வரை வனத் திணைக்களம் மலைநாட்டின் தரிசாகக் கருதப்பட்ட புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பைனசைப் பெருமளவில் நட்டது. மகாவலித் திட்டத்தின் மேல்நீரேந்து பகுதியைக் காடாக்கும் நோக்கும் இதனோடு இணைந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையில் இன்று காணப்படும் ஊசியிலைக் காடும் இக்கொள்கையின் விளைவே. மிகுதியாக நடப்பட்ட கரிபிய வகைப் பைனஸ், கியூபா, பகாமாஸ், மத்திய அமெரிக்கக் கரையோரம் ஆகிய இடங்களிலே அடிக்கடி எரியும் புல்வெளிகளை அடுத்து வாழ்ந்து பழகியது. வளர்ந்த மரத்தின் தடித்த பட்டையைத் தரைத்தீ ஊடுருவுவதில்லை. அதன் ஊசிச் சருகு தளர்வாகப் படிந்து, காற்றை உள்ளடக்கி, பிசினும் கொண்டு கிடக்கும். மழை நின்ற சில நாட்களிலேயே எரியத்தக்கதாகிவிடும். உயர்மலையில் நடப்பட்ட மெக்சிக்கோவின் பற்றுலா வகையோ தன் காய்களுட் சிலவற்றை மூடியே வைத்திருந்து, வெப்பம் பட்டபின் வித்துகளை உதிர்க்கும். பிசின் எடுப்பதற்காக அடிமரத்தில் வெட்டப்படும் காயங்களும் தீ ஏறுவதற்கு ஏணியாகின்றன.

பைனஸ் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது எனக் கிராம மக்களும் தோட்ட மக்களும் 1980கள் முதல் முறையிட்டு வந்துள்ளனர். பைனசுக்குச் சார்பாகச் சொல்லப்பட்ட நியாயம், வேறு எதுவும் வளராத வறண்ட நிலத்தில் அது வளரும் என்பது. அந்நியாயம் பொய்யன்று. ஆனால் அந்நிலம் வறண்டது எவ்வாறு என்பதை அது கேட்பதில்லை. கோப்பிக்காக எரிக்கப்பட்டு, தேயிலைக்காகச் சுரண்டப்பட்டு, மேல்மண் கழுவுண்டு போன சரிவிலே, எரிவதில் வல்ல மரத்தை, எரிவதில் வல்ல புல்லின் நடுவே நட்டமையே நிகழ்ந்தது. புல்லில் ஓடும் தீ விரைவானது, ஆனால் வெப்பம் குறைந்தது. பைனஸ் சருகில் எரியும் தீ மெதுவானது. நீண்டநேரம் நின்று மண்ணைச் சுடுவது. இரண்டும் அடுத்தடுத்து அமைந்தால், புல் தீயைக் கொண்டுவந்து சேர்க்க, சருகு அதனைத் தக்கவைத்துக்கொள்கிறது.

மானாவின் இரண்டாம் வாழ்வு பற்றியும் இங்கே கூறுதல் தகும். ஆதியில் இது லயங்களின் கூரையாக இருந்தது. பின்னர், 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்குக் குவாத்தமாலாப் புல்லையோ மானாவையோ வளர்க்குமாறு பரிந்துரைத்தது. விஞ்ஞான முறைப்படி அது சரியானதே. வேர் மண்ணைப் பிடிக்கும், தாள் மண்ணை மூடும். ஆயின் மறுநடுகைக்குப் பணமும் ஆளும் இன்றிப் போன இடங்களிலே மானா தற்காலிகப் பயிர் என்ற நிலையிலிருந்து நிரந்தரக் குடியாக மாறியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கான தொழிலாளரைக் கடல் கடத்தியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் மீண்டது. இம்மாற்றங்களிடையே இலாபந்தராத மலைகள் கைவிடப்பட்டன. மலையகத்தின் அரசியல் வரலாற்றைப் படிப்போர் இந்த ஆண்டுகளைக் குடிசனப் புள்ளிவிபரங்களிற் காண்பர். மலையை ஏறிட்டுப் பார்ப்போர் தேயிலைப் பச்சைக்கு இடையிடையே தெரியும் மானாவின் வைக்கோல் நிறத்திற் காணலாம்.

காலநிலையிலும் கவனிக்கத்தக்க பொருத்தம் ஒன்றுண்டு. திம்புளை, நுவரெலியாப் பகுதிகளில் மிகச் சிறந்த தேயிலை கிடைப்பது சனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து சூடேறி ஊவாவுக்குள் இறங்குகிறது. கீழ்மாகாணத்தார் அதனைக் கச்சான் என்பர். ஆண்டின் முற்பகுதியில் வடகீழ்க் காற்று மேற்குச் சரிவுக்கு அதே பணியைச் செய்கிறது. உலர்காற்றும் குளிரிரவும் கொழுந்தின் வளர்ச்சியைக் குறைத்து நறுமணத்தைக் கூட்டுகின்றன. அதே உலர்காற்றுத்தான் மானாவையும் பைனஸ் சருகையும் காய்ச்சித் தீயை ஓட்டுகிறது. கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலைபெறும் தேயிலையும் மலையில் ஏறும் தீயும் ஒரே காற்றின் பிள்ளைகள். கொழுந்தின் தரம் கூடி அளவு குறையும் அவ்வாரங்களிலேயே தொழிலாளருக்கு வேலைநாளும் குறைகிறது. விறகுக்கும் மாட்டுப்புல்லுக்கும் காட்டோரம் செல்வதும் அப்போதுதான்.

தீயை மூட்டுவோர் மனிதரே என்பதை நாம் மறுக்கவில்லை. மலைநாட்டில் இடிமின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால் இயற்கைத் தீ மிக அரிது. இளம்புல்லுக்காக, வேட்டைக்காக, மரக்கறித் தோட்டத்தைத் துப்புரவாக்க, சில வேளை வெறும் விளையாட்டுக்காகவும் தீ வைக்கப்படுகிறது. ஆயினும் அதே தீக்குச்சி ஈரமலைக் காட்டில் விழுந்தால் அணைகிறது. பராமரிக்கப்பட்ட தேயிலையில் விழுந்தால் அணைகிறது. மானாவில் விழுந்தால் மலை எரிகிறது. குற்றவாளியை லயத்திலே தேடும் விசாரணை இவ்வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. தீயினால் முதலில் இழப்பவரும் லயத்தார்தான். குடிநீர் மலையுச்சிக் காட்டின் ஊற்றிலிருந்து பீலிக்கு வருகிறது. காடு எரிந்தால் ஊற்று மெலிகிறது; குழாயும் உருகிவிடுகிறது. அடுத்த மழையில் மூடாக்கற்ற மண் கழுவுண்டு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் படிகிறது. பச்சைக் கிளையை முறித்துக்கொண்டு தீயை அடிக்க ஓடுபவரும் பெரும்பாலும் அவர்களே.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் வழியிலுள்ள புற்சரிவில் தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவும் உலர்புல்லும் கூடினால் மனிதன் ஓடித் தப்ப இயலாது என்பதற்கு அது கொடிய சான்று. போர்த்துக்கலிலே காகிதக் கூழுக்காக யூக்கலிப்டசும் பைனசும் பரப்பப்பட்ட பெத்ரோகாவ் கிராண்டே பகுதியில் 2017 யூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்கு மாறான வழி தென்சீனத்திற் கையாளப்பட்டது. அங்கு சீமா என்னும் பசுமைமாறா மரத்தை மலைமுகடுகளில் வரிசையாக நட்டு உயிருள்ள தீயரண் அமைத்தனர்; இவ்வகைப் பசுமை அரண்கள் அந்நாட்டில் இலட்சக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு உள்ளன. அம்மரம் தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது; இலை தடித்து, ஈரம் மிக்கது. எமது ஈரமலைக் காட்டிலே இன்னும் எஞ்சி நிற்கும் கோடோனியாவும் அதே குடும்பம். சிங்கராஜ வனத்தின் எல்லையிலுள்ள பைனஸ் நிலங்களிலே பேராதனைப் பேராசிரியர்களான நிமல், சாவித்திரி குணதிலக்க இணையரும் அஷ்ரன் குடும்பத்து அறிஞர்களும் 1990களில் நடத்திய பரிசோதனைகள், பைனஸ் வரிசைகளில் சிலவற்றை அகற்றி இடைவெளி தந்தால் சுதேசக் காட்டு மரங்கள் அதன் நிழலிலேயே வேரூன்றும் எனக் காட்டின. தீயைத் தாங்கும் பைனசைத் தீயை மறுக்கும் காடாகப் படிப்படியாக மாற்றலாம் என்பதற்கு இது வழிகாட்டுகிறது.

ஆனால் எந்த மலையில் எந்த மரம் நிற்க வேண்டுமென்பதைத் தீர்மானிப்பவர் யார்? தோட்ட நிலங்கள் 2045ஆம் ஆண்டு வரை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டுள்ளன. விறகுக் காடும் கைவிடப்பட்ட மலையும் அக்குத்தகைக்குள்ளேயே அடங்கும். பைனஸ் நிலத்தின் பெரும்பகுதி வனத் திணைக்களத்தினுடையது. அண்மைக் கால வீடமைப்புத் திட்டங்களில் தொழிலாளர் குடும்பமொன்றுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஏழு பேர்ச்சஸ். அந்த ஏழு பேர்ச்சஸின் வேலிக்கு அப்பால் மானா தொடங்குகிறது.